பற்சக்கரமும் தகர வில்லையும்: நிவித்திகலைப் பக்கத்துப் பெயரிழந்த கருவிகள்

ஒரு சாண் நீளத்தில் மரப்பிடி. அதன் நுனியில் இரும்புக் கவை. கவையின் இரு கிளைகளுக்கும் நடுவே சுழலும் ஒரு சிறு சக்கரம். சக்கரத்தின் விளிம்பெங்கும் கூரிய பற்கள். பழைய லயக் காம்பிரா ஒன்றைப் பிரிக்கும்போது கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் இப்படியொன்று அகப்பட்டால் அதனை என்னவென்று சொல்வீர்கள்? குதிரையேற்றம் பற்றிப் படித்தவர், துரைமாரின் சப்பாத்தில் இருந்த குதிமுள் என்பார். தையல் தெரிந்தவர், துணியில் புள்ளிக்கோடு இடும் சக்கரம் என்பார். பலகாரம் வெட்டும் சமையலறைச் சாமான் என்று சாதிப்பவரும் இருப்பர். பழைய இரும்பு வாங்குபவர் பெயர் எதுவும் சொல்லமாட்டார். நிறுத்துப் பார்த்து விலையை மட்டும் சொல்வார்.

முதல் மூவர் சொன்னதும் தவறு. இறப்பர் மரத்தின் பட்டையைக் குத்திப் பால் வரவழைப்பதற்காக, ஏறத்தாழ 1905ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இலங்கைத் தோட்டங்களில் புழக்கத்துக்கு வந்த கருவி அது. (தமிழகத்தார் ரப்பர் என்று எழுதுவதையே நாங்கள் இறப்பர் என்று எழுதுகிறோம்.) சில காலமே அது கைகளில் இருந்தது. பின்னர் மரத்துக்குக் கேடு என்று கண்டு கைவிட்டார்கள். குறுகிய காலம் வாழ்ந்து மறைந்த கருவிகளே இன்று அடையாளம் காண மிகவும் கடினமானவை. மண்வெட்டியை எவரும் மறப்பதில்லை. அதன் வடிவம் நூறாண்டுகளில் அதிகம் மாறவுமில்லை. தோற்றுப்போன கருவியோ தன்னைப் பயன்படுத்திய தலைமுறையோடு பெயரையும் இழந்துவிடுகின்றது.

இத்தகைய பொருள்களைப் பற்றி எழுத நிவித்திகலையை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. சப்ரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரிக்குத் தெற்கே, களு கங்கையின் படுகையில் உள்ள ஊர் அது. மேலே சரிவுகளில் தேயிலையும் இறப்பரும். கீழே வயல்களிலும் ஓடைக்கரைகளிலும் மாணிக்கக் குழிகள். அந்தக் குழிகளின் அடியில், மாணிக்கம் கிடக்கும் அதே சரளைப் படுகையில், வரலாற்றுக்கு முந்திய மனிதன் தட்டி உடைத்த கற்களும் மறைந்துபோன விலங்குகளின் எலும்புகளும் கிடைக்கின்றன. தோட்டத் தொழிலாளியின் கருவி, குழி தோண்டுபவரின் கருவி, கற்கால மனிதனின் கருவி ஆகிய மூன்றும் ஒரே நிலத்தில் கிடக்கும் பிரதேசம் உலகில் அதிகம் இராது. அவற்றை அடையாளம் கண்டவர் யார், கண்டெடுத்தவர் யார் என்று பார்த்தால் மூன்றிலும் ஒரே கதைதான் மீண்டும் மீண்டும் வருகின்றது.

பற்சக்கரத்தின் கதையை முதலில் முடித்துவிடுவோம்.

ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து கொண்டுவந்த விதைகள் இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவில் முளைவிட்டன. அவற்றுள் 1,919 கன்றுகள் 1876இல் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாலானவை கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. அடுத்த கால்நூற்றாண்டு காலம் தோட்டக்காரர் எவரும் அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. கோப்பி அழிந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகி இறப்பர் விலை ஏறியதும், களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிச் சரிவுகளில் காடழித்து இறப்பர் நடும் வேகம் கண்மண் தெரியாமல் போயிற்று. 1906 செப்டெம்பரில் பேராதனைப் பூங்காவில் இறப்பர் கண்காட்சி ஒன்றையே நடத்தினார்கள். பால்வெட்டும் கத்திகள் வகைவகையாக வந்து குவிந்த கண்காட்சி அது.

மரம் நட்டாயிற்று; அதிலிருந்து பாலை எப்படி எடுப்பது என்பதை எவரும் திட்டமாக அறிந்திருக்கவில்லை. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் கொத்தி எடுத்தார்கள். இங்கு உளியும் கொட்டாப்புளியும் கொண்டு பட்டையில் கொத்திப் பார்த்தார்கள். சிங்கப்பூரில் எச்.என். ரிட்லி, பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறக்கும் முறையை வகுத்தார். பேராதனையில் பணியாற்றிய ஜோன் பார்க்கின், ஒருமுறை காயம்பட்ட இடத்துக்கு அருகே மறுமுறை வெட்டினால் முன்னிலும் அதிகமாகப் பால் வடிகின்றது என்பதை 1890களின் இறுதியில் சோதித்து எழுதினார். அப்படியானால் நாளும் வெட்டலாம். நாளும் வெட்டினால் பட்டை என்னாவது?

அந்தக் கேள்விக்கு ஒரு விடையாகத்தான் பற்சக்கரம் வந்தது. இறப்பர்ப் பாலைத் தாங்கும் நுண்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், மரத்தை வளரச் செய்யும் மென்படையை ஒட்டி நெருக்கமாக இருக்கின்றன. அவற்றைத் திறக்க வேண்டுமாயின் மேற்பட்டையைச் சீவித்தான் உள்ளே போகவேண்டும். சீவிய பட்டை மீண்டும் வளர ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒருநாள் சீவுவது, மறுநாள் சீவாமல் அதே வெட்டின் வழியே பற்சக்கரத்தை அழுத்தி உருட்டிக் குழாய்களை மட்டும் குத்துவது என்ற உபாயத்தைச் சிலர் கண்டனர். பட்டை மிஞ்சும், பாலும் கிடைக்கும் என்பது கணக்கு. போமன்–நோர்த்வே என்ற பெயரில் தொகுதியாக விற்கப்பட்ட கத்திகளில் இத்தகைய சக்கரமும் ஒன்று. கணக்கு தாளில் சரியாக இருந்தது. மரம் வேறுவிதமாகக் கணக்குப் பார்த்தது. பற்கள் மென்படையையும் தாண்டி மரக்கட்டையில் இறங்கின. காயம் ஆறியபோது பட்டை முடிச்சு முடிச்சாகப் புடைத்தது. புடைத்த பட்டையில் அடுத்த முறை கத்தி ஓடவில்லை. சக்கரம் கூரைக்குள் போயிற்று.

தோட்டத்துரைமாரின் கைந்நூல்கள் இக்கருவிகளைக் கண்டுபிடித்தவர்களின் பெயராலேயே குறிப்பிடுகின்றன. இன்றும் இலங்கையிலும் கேரளத்திலும் பரவலாகப் பயன்படும் பால்வெட்டுக் கத்திக்கு மிச்சி–கொலெட்ஜ் கத்தி என்று பெயர். அதைப் பிடித்தவர்களோ ‘பால்வெட்டுக் கத்தி’ என்றார்கள். பாலேந்தச் சிரட்டை, பாலைச் சேர்க்க வாளி, வெட்டில் உறைந்துபோய் மறுநாள் உரித்தெடுக்கும் மிச்சம் ஒட்டுப்பால். பொருளுக்குப் புழங்கியவர் வைத்த பெயர் என்ன செய்கின்றது என்பதைச் சொல்லி நிற்கின்றது.

அடையாளம் தெரியாத ஒரு கருவி கைக்கு வந்தால், அதன் வடிவத்தை விட அதன் தேய்மானத்தையே முதலில் பார்க்கவேண்டும். ஒரே வடிவத்தை நூறு தொழில்களில் பயன்படுத்தலாம். தேய்மானம் ஒரு தொழிலைத்தான் சுட்டும். பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொள்வோம். இறப்பர் மரத்தின் பாற்குழாய்கள் நிமிர்ந்து செங்குத்தாக ஓடுவதில்லை. சற்றே சாய்ந்து ஓடுகின்றன. அவற்றுள் அதிகமானவற்றை அறுக்கவேண்டும் என்பதற்காக வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து செல்கின்றது. விடிவதற்கு முன்பே, பட்டையில் நீர் நிறைந்திருக்கும் நேரத்தில், ஒரு தொழிலாளி நூற்றுக்கணக்கான மரங்களை ஒரே கோணத்தில், ஒரே திசையில் வெட்டிச் செல்கிறார். ஆகவே கத்தியின் மடிப்பில் தேய்வு இருபுறமும் சமமாக இராது. தீட்டித் தீட்டி அலகு பாதியாகக் குறுகியிருக்கும். கைப்பிடியில் பெருவிரல் பதியும் இடம் பள்ளமாகி மினுங்கும். இத்தனையும் பொருந்தி நின்றால், பிடி உடைந்து வெறும் இரும்பாகக் கிடந்தாலும் அது என்னவென்று சொல்லிவிடலாம்.

தேயிலைப் பக்கத்திலும் அப்படியே. கவ்வாத்துக் கத்தியின் வளைந்த அலகு, வெட்டுப்படும் இடத்தில் உள்வாங்கித் தேய்ந்து பிறைபோல் ஆகிவிடும். முள்ளுக் குத்தும் முள்ளின் பற்கள் கற்களில் மோதி ஒரு பக்கமாகக் குட்டையாகும். எல்லாவற்றிலும் கடினமானது மட்டக்கம்புதான். கொழுந்தெடுக்கும் பெண்கள் தேயிலைச் செடிகளின் மேற்பரப்பில் கிடத்தி, எந்த மட்டத்துக்கு மேல் கிள்ளலாம் என்று பார்த்துக்கொள்ளும் நீண்ட மெல்லிய கோல் அது. பூண் இல்லை, பிடி இல்லை, இரும்பு இல்லை. தோட்டம் தெரியாதவர் கையில் அகப்பட்டால் அடுப்புக்குப் போகும். தேயிலை மலையின் பச்சைக் கம்பளத்தைப் படமெடுத்து உலகமெல்லாம் அனுப்புகிறோமே, அந்தச் சமதளத்தை உண்டாக்கியதில் இந்தக் கோலுக்கும் பங்குண்டு. எந்தப் படத்திலும் அதனை யாரும் கவனிப்பதில்லை.

சரிவில் இருந்து வயலுக்கு இறங்கினால் வேறொரு இரும்பு. ஆளுயரத்தையும் தாண்டிய நீளம், விரல் பருமன், கூரிய நுனி. அலவாங்கு என்று நினைத்தால் அலவாங்குக்கு உரிய கனம் இல்லை. இடிதாங்கிக் கம்பி என்று நினைத்தால் கைபட்டு மேற்பகுதி ஏன் மினுங்குகின்றது என்பதற்கு விடையில்லை. சிங்களத்தில் இல்லம்கூர என்பார்கள். இல்லம் என்பது இங்கு வீடன்று. மாணிக்கம் தாங்கும் சரளைப் படுகைக்குச் சிங்களத்தில் உள்ள பெயர். குழி தோண்டுவதற்கு முன் அந்தக் கம்பியை மண்ணில் இறக்குகிறார்கள். களிமண்ணில் அது ஓசையின்றி இறங்கும். மணலில் சரசரக்கும். சரளையைத் தொட்டதும் நறநறவென்று அரைபடும். அந்த அதிர்வைக் கையாலும் ஓசையைக் காதாலும் அறிந்து, வெளியே இழுத்து நுனியில் ஒட்டிய மண்ணையும் பார்த்து, இவ்விடத்தில் இல்லம் உண்டு, இத்தனை ஆழத்தில் உண்டு என்று சொல்பவர்கள் இரத்தினபுரி மாவட்டத்தில் இன்றும் இருக்கிறார்கள். கம்பியை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் வைக்கலாம். அந்த நறநறப்பை வைக்க முடியாது. ஆகவே கருவியை அடையாளம் காண்பதென்றால் அதனைப் பயன்படுத்தத் தெரிந்தவரின் கையையும் சேர்த்து அறியவேண்டியிருக்கிறது.

அந்தக் குழிகளுக்குள் இருந்து வெளிவந்தவை மாணிக்கங்கள் மட்டுமல்ல. இல்லத்தைக் கூடையில் அள்ளி நீரில் அலசும்போது ஒதுக்கி எறியப்பட்டவற்றில் எலும்புகளும் பற்களும் வினோதமாக உடைந்த கற்களும் இருந்தன. 1930களில் இருந்து பி.ஈ.பி. தெரணியகல அவற்றைச் சேகரித்து ஆராய்ந்தார். 1939 முதல் 1963 வரை தேசிய அருங்காட்சியகங்களின் பணிப்பாளராக இருந்தவர் அவர். இலங்கையில் ஒருகாலத்தில் நீர்யானையும் காண்டாமிருகமும் சிங்கமும் வாழ்ந்தன என்பது இந்தப் படுகைகளில் இருந்துதான் தெரியவந்தது. குருவிட்டப் பகுதியில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு இலங்கைச் சிங்கத்துக்கு அவர் 1939இல் விஞ்ஞானப் பெயர் சூட்டினார். ‘சிங்களம்’ என்ற பெயரிலேயே சிங்கத்தைக் கொண்ட நாட்டில் சிங்கம் வாழ்ந்ததற்கான சான்றாக இருந்தவை அந்த இரண்டு பற்கள்! அதே படுகைகளில் கிடைத்த கற்கருவிகளுக்கு அவர் இரத்தினபுரிப் பண்பாடு என்று பெயரிட்டார். குகைகளில் கிடைத்த, அதற்குப் பிற்பட்ட நுண்கற்கருவிகள் பலாங்கொடைப் பண்பாடு எனப்பட்டன.

ஒன்றை இங்கே கவனிக்கவேண்டும். சரளைப் படுகை என்பது ஆற்று வெள்ளம் அள்ளிக் கொட்டியது. பல்வேறு காலத்துப் பொருள்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கும். ஒரு கல் இன்ன எலும்புக்கு அருகில் கிடந்தது என்பதனால் இரண்டும் ஒரே காலத்தவை என்று சொல்லிவிட முடியாது. இரத்தினபுரிப் பண்பாட்டின் காலம் பற்றி அறிஞரிடையே இணக்கம் ஏற்படாமைக்கு இதுவே காரணம். குகைகளின் நிலை வேறு. அங்கே மண் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றது. குருவிட்டவுக்கு அருகே உள்ள பட்டதொம்ப லென என்னும் குகையில் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட நுண்கற்கருவிகள் கிடைத்தமையும், அவற்றின் காலம் நம்பகமாகக் கணிக்கப்பட்டமையும் அதனால்தான்.

கற்கருவியை அடையாளம் காண்பது எத்துணை அரிது என்பதற்குத் தோட்டத்துரை ஒருவரின் கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மஸ்கெலியாவில் தேயிலை பயிரிட்ட ஜோன் போல், காடழித்த சரிவுகளில் மழை கழுவிய மண்ணில் பளிங்குக்கல் துண்டுகள் சிலவற்றைப் பொறுக்கத் தொடங்கினார். பேராதனையில் பூச்சியியலாளராக இருந்த ஈ.ஈ. கிறீனும் அவ்வாறே பொறுக்கினார். ஐரோப்பாவில் கற்கருவி என்றால் தீக்கல். இலங்கையில் தீக்கல் இல்லை. வெள்ளைப் பளிங்குக்கல்தான் எங்கும். அது தானாக உடைந்தாலும் கூராகவே உடையும். மனிதன் உடைத்ததையும் பாறை உருண்டு உடைந்ததையும் வேறுபடுத்துவது எப்படி? பலர் நம்பவில்லை. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த சரசின் உறவினர் இருவர் 1907இல் இலங்கைக்கு மீண்டும் வந்து குகைகளில் தோண்டி, மறுஆண்டு இலங்கையின் கற்காலம் பற்றி நூல் வெளியிட்ட பின்னரே அந்தத் துண்டுகளுக்கு மதிப்பு வந்தது. போல் சேகரித்தவற்றுள் எத்தனை, காலையில் மலைக்குக் குழிவெட்டச் சென்ற தமிழ்த் தொழிலாளியின் மண்வெட்டியில் முதலில் தட்டுப்பட்டவை? மண்ணை வெட்டியவர்கள் அவர்கள்தாமே. அறிக்கைகளில் சேகரித்தவர் பெயர்தான் இருக்கின்றது.

தமிழகத்து நிலையும் இதனின் வேறானதன்று. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் திகதி பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்ததிலிருந்து இந்தியாவின் பழங்கற்கால ஆய்வைக் கணக்கிடுகிறார்கள். நியாயந்தான், அது என்னவென்று முதலில் சொன்னவர் அவரே. ஆயினும் சேர்வராயன் மலைவாழ் மக்கள் வழவழப்பான கற்கோடரிகளைத் தனியே இனங்கண்டு பிள்ளையார் சந்நிதிகளில் சேர்த்து வைத்திருந்தார்கள். சாதாரணக் கல்லன்று என்பதை அறிந்துகொண்ட கண் அங்கே முன்னரே இருந்தது. அவர்கள் அதற்குத் தெய்வம் என்று பெயர் வைத்தார்கள்; ஃபூட் கருவி என்று பெயர் வைத்தார். உலகின் பல பாகங்களிலும் கற்கோடரியை இடியோடு விழுந்த கல் என்று நம்பியவர்களும் இருந்தனர்.

தேய்மானத்தைக் கொண்டு கருவியை அறியும் முறைக்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று நமக்கு மிக அருகிலேயே இருக்கின்றது. இரத்தினபுரி மாவட்டத்துக்கு மேற்கே, புளத்சிங்களவுக்கு அண்மையில் உள்ள பாகியன் குகையில் கிடைத்த நூற்றுக்கு மேற்பட்ட சிறு எலும்பு முனைகளைப் பற்றிய ஆய்வு 2020 ஜூனில் வெளியாயிற்று. விரலளவே உள்ள கூரான எலும்புத் துண்டுகள் அவை. ஊசியா, துளையிடும் கருவியா, அம்பு முனையா? நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது பலவற்றின் நுனியில் வேகமாக மோதியதால் ஏற்படும் முறிவுகள் தெரிந்தன. கோலில் கட்டிய இடத்துத் தழும்புகளும் இருந்தன. குரங்கையும் அணிலையும் வேட்டையாட வில்லும் அம்பும் பயன்பட்டன என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். காலம் 48 ஆயிரம் ஆண்டுகள் வரை பின்செல்கின்றது. ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லம்புக்குக் கிடைத்த மிகப் பழைய சான்று அது என்றார்கள். பால்வெட்டுக் கத்தியின் மடிப்பைப் பார்த்துச் சொல்வதற்கும் இதற்கும் முறையில் வேற்றுமை இல்லை; கண்ணாடிதான் பெரிது.

கருவி என்ற சொல்லுக்குள் அடங்காத, ஆயினும் தோட்டப்புறங்களில் அகப்பட்டால் கையில் வைத்துத் திகைக்கவேண்டிய பொருளொன்று உண்டு. வட்டமான சிறு உலோக வில்லை. மேலே ஒரு துளை. முகத்தில் பதித்த ஓர் எழுத்தும் எண்களும். தலையும் இல்லை, பூவும் இல்லை, ஆகவே நாணயமன்று. பழைய கோப்பி ஆலைகள் கூலிக்கு ஈடாகக் கொடுத்த அடையாள நாணயங்கள் உண்டு; எச்.டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலில் அவற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். அவற்றில் வணிக நிறுவனங்களின் பெயர் இருக்கும். இந்த வில்லையில் எவர் பெயரும் இல்லை. நாய்க்குக் கட்டும் பதிவு வில்லை என்று சொன்னால் அப்படியே நம்பத் தோன்றும்.

மனிதருக்குக் கட்டியது அது. ஆங்கிலத்தில் ‘டின் டிக்கெட்’ எனப்பட்ட இம்முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தது. தோட்டத்துரை தம் தோட்டத்துக்குரிய குறியீடு பதித்த வில்லைகளைப் பெற்றுக் கங்காணியிடம் கொடுத்தனுப்புவார். கங்காணி தமிழகத்துக் கிராமங்களில் ஆள் சேர்த்து ஒவ்வொருவருக்கும் ஒன்றைக் கொடுப்பார். கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்துகொள்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வழி தவறாமல் குறித்த தோட்டத்துக்குப் போய்ச் சேரலாம். புகையிரதமும் முகாமும் உணவும் வில்லையைக் காட்டினால் கிடைக்கும். இந்தளவில் கேட்டால் நல்ல ஏற்பாடாகத் தோன்றும். செலவெல்லாம் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. தோட்டத்துக் கணக்கோ தொழிலாளியின் கடன் கணக்கில் போய் ஏறியது. வழியெங்கும் ஒருவர் பணம் கொடாமல் உண்டதும் பயணித்ததும் அவர் பெயரில் கடனாகக் காத்திருந்தன. 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் வழி திறந்தது. 1917இல் மண்டபம் முகாம் வந்தது. சப்ரகமுவத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெருந்தொகையினர் அதன்பின் அவ்வழியாகவே வந்தனர்.

வில்லையோடு சேர்த்து அறியவேண்டிய இன்னொன்று துண்டு. ஒரு தோட்டத்தில் இருந்து ஆட்களை விடுவிக்க, அவர்கள் தலையிலுள்ள கடன் தொகையை எழுதித் துரை கொடுத்த காகிதம் அது. அந்தத் தொகையைக் கட்டுகின்ற தோட்டம் ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். கடனோடு ஆட்களும் கைமாறினார்கள். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே துண்டு என்ற தமிழ்ச் சொல் அப்படியே நிற்கின்றது. தகர வில்லைகள் மண்ணுக்குள் கிடந்தேனும் மீண்டும் அகப்படலாம். துண்டுக் காகிதங்கள் கறையானுக்குப் போயின. பெட்டியடியில் எங்கேனும் ஒன்று கிடக்குமாயின் அதன் மதிப்பு மாணிக்கத்தின் மதிப்புக்குக் குறைந்ததன்று என்பேன்.

சொல் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னும் இரண்டு. தோட்டத்துரைமாரின் ஆங்கிலத்தில் ‘மமோட்டி’ என்று ஒரு சொல் உண்டு. கொழும்புக் கருவிக் கடைகளின் விலைப்பட்டியல்களில் இன்றும் காணலாம். நம்முடைய மண்வெட்டிதான் அது. மாறாக, நாம் தமிழென்றே எண்ணும் அலவாங்கு போர்த்துக்கேயச் சொல். அம்மொழியில் நெம்புகோலுக்குப் பெயர். சிங்களத்திலும் அதுவே அலவங்குவ. காம்பிராவும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றதே. காலைக் கணக்கெடுப்பான பெரட்டு ஆங்கிலத்தின் வழிவந்தது; ஒப்பந்த வேலையான கொந்தரப்பும் பிறமொழிச் சொல்லின் உருமாற்றமே. ஒரு பெரட்டுக்களத்தில் நின்று கேட்டால் மூன்று நான்கு நாட்டு வரலாறு காதில் விழும்.

அந்தச் சொற்களைச் சப்ரகமுவவில் இன்று யாரிடம் கேட்பது? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1977இலும் 1981 ஓகஸ்டிலும் 1983இலும் வன்செயல்கள் இம்மாவட்டத்துத் தோட்டங்களையும் தாக்கின. நுவரெலியாவில் போலத் தமிழர் அடர்ந்து வாழாமல், சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவு தீவாக இருந்த லயங்கள் இவை. உயிருக்கு அஞ்சி ஓடுபவர் பற்சக்கரத்தை எடுத்துக்கொண்டு ஓடுவாரா? பால்வெட்டுக் கத்தியைச் சிலர் எடுத்துச் சென்றிருக்கலாம்; அது சோறு போடும்.

சோறு போட்டது என்பதும் உண்மை. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவென்றே கேரளத்தின் புனலூரில் 1976இல் ஓர் இறப்பர்த் தோட்ட நிறுவனம் தொடங்கப்பட்டது. கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பக்கங்களிலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் அரசு இறப்பர்த் தோட்டங்களிலும் பலர் குடியேறினர். தேயிலை தெரிந்தவர் நீலகிரிக்குச் சென்றனர். ஆகவே இரத்தினபுரி மாவட்டத்தில் ஒரு கருவியின் பெயர் மறந்துபோயிருந்தால் அதனைத் தேடவேண்டிய இடம் நிவித்திகல மட்டுமன்று. சுள்ளியாவில் கன்னடம் பேசும் பேரப்பிள்ளைகளின் நடுவே இருக்கும் ஒரு மூதாட்டிக்கு அது தெரிந்திருக்கக்கூடும். இங்கேயே எஞ்சியிருப்பவர்களின் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் சிங்களப் பாடசாலைகளில் படிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் கருவியின் தமிழ்ப் பெயர் அடுத்த தலைமுறைக்குப் போகுமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. இது குறை கூறுவதற்காகச் சொன்னதன்று. அவர்கள் வாழ்வதற்கு வேண்டிய மொழியைப் படிக்கிறார்கள்.

தேயிலையின் பழம்பொருள்களைப் பார்க்க விரும்புவோர் கண்டிக்கு அருகே ஹந்தானைக்குப் போகிறார்கள். 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை அங்கே அருங்காட்சியகமாக 2001இல் திறக்கப்பட்டது. உருட்டும் இயந்திரங்களும் உலர்த்தும் இயந்திரங்களும் பித்தளை மினுங்க நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் செய்த நிறுவனத்தின் பெயர்ப்பலகை உண்டு. கம்பளைப் பக்கத்துப் பழைய பீக்கொக் தோட்டத்தில், லயக் காம்பிராக்களையே எடுத்துச் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அமைத்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் மற்றொன்று. அம்மியும் கூடையும் மண்வெட்டியும் தப்பும் அங்கே இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர் ஒரே தொழிலின் இரு வேறு நாடுகளுக்குச் சென்று வந்ததாக உணர்வார். இரண்டும் கண்டி மாவட்டத்தில். இரண்டும் தேயிலையின் கதை. இரத்தினபுரியில் எஹெலப்பொல வளவில் 1988இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தில் மாணிக்கமும் புதைபடிவங்களும் சிறப்பிடம் பெறுகின்றன. அவை அந்த மண்ணின் பெருமை, இருக்கவேண்டியவையே. பால் வெட்டியவரின் கத்தியும் அந்த மண்ணுக்குரியதுதான்.

அத்தகைய பொருள் கைக்கு வந்தவர்கள் செய்யவேண்டியவை அதிகமில்லை. செய்யக் கூடாதவை சில உண்டு. துருவைச் சுரண்டாதீர்கள், தேய்மானமும் பொறிப்பும் அதனோடு போய்விடும். பிடிக்கு எண்ணெய் பூசி மினுக்காதீர்கள். முனையைத் தீட்டாதீர்கள். ஓர் அளவுகோலை அருகில் வைத்து நாலு பக்கமும் படமெடுங்கள். கூரையிலா, கானிலா, குழியிலா, எவ்விடத்தில் கிடைத்தது என்பதை அன்றைக்கே எழுதிவையுங்கள். சிறிய எழுத்தும் எண்ணும் பதித்திருந்தால் மெல்லிய தாளை மேலே வைத்துக் கரிக்கோலால் தேய்த்து எடுங்கள். பின்னர் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் கையில் அதனைக் கொடுத்து, ‘இது என்ன?’ என்று கேட்பதற்கு முன், அவர் அதை எப்படிப் பிடிக்கிறார் என்று பாருங்கள். கேள்வி கேட்டால் நமக்குப் பிடித்த விடையைச் சொல்ல முயல்வார். கை அப்படிச் செய்யாது. ஒருவரிடம் கேட்டதை மற்றவரிடம் சொல்லாமல் தனித்தனியாக இருவரிடமேனும் கேளுங்கள். தோட்டத்துப் பெயர் ஒன்று, கிராமத்துச் சிங்களப் பெயர் ஒன்று என்று இரண்டு கிடைத்தால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.